ஓக்லியின் குழாயும் பாக்சைட்டின் கிணறும்: பல்லில் வெள்ளைத் திட்டு ஏன் வருகிறது?

1901இல் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கினார். முந்தைய ஆண்டுதான் படிப்பை முடித்திருந்தார். அவரிடம் வந்த உள்ளூர்க்காரர்கள் பலரின் பற்கள், அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதமாக இருந்தன. சிலருக்குச் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவியது போல மங்கிய வெள்ளைத் திட்டுகள். சிலருக்கு அந்த வெள்ளையின் மேல் மஞ்சளும் பழுப்பும். இன்னும் சிலருக்கு முன்பற்கள் முழுக்கச் சாக்லேட் நிறம்.

ஊர்க்காரர்கள் அதை 'கொலராடோ பழுப்புக் கறை' என்றார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார் ஒருவர். பால் தரமில்லை என்றார் இன்னொருவர். தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல் என்றும் பேச்சு இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் தோன்றவில்லை. மெக்கேக்குத் தோன்றியது. அதற்கு விடை கிடைக்க 30 ஆண்டுகள் ஆயின.

பல்லில் வெள்ளைப் புள்ளி ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த ஊரின் கதையைத்தான். புள்ளியை எப்படிப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

பிளாக் வந்தார்

தனியாகத் தேடி அலுத்த மெக்கே, சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த கிரீன் வார்டிமன் பிளாக்கின் உதவியை நாடினார். பல் மருத்துவத்தில் அன்று அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒரு குறை இதுவரை ஏட்டிலேயே ஏறாமல் இருக்குமா என்று பிளாக் முதலில் நம்பவில்லை. 1909இல் அந்த ஊர்ப் பள்ளிகளில் 2,945 குழந்தைகளின் பற்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். உள்ளூரிலேயே பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 10க்கு 9 பேருக்குத் திட்டு இருந்தது. பிளாக் நேரில் வந்து பார்த்தார், திகைத்துப் போனார். 1915இல் இறக்கும் வரை இந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை.

அந்த ஆண்டுகளில் இருவரும் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஆய்வின் முதுகெலும்பே அவைதான்.

ஒன்று, பல் முளைத்த பிறகு இது வருவதில்லை. வெளியூரிலிருந்து வளர்ந்த வயதில் குடியேறியவர்கள் அதே தண்ணீரைக் குடித்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டும் அவர்களுக்குத் திட்டு விழவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கும் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கும் மட்டுமே விழுந்தது. அப்படியானால் இது பல்லின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை. ஈறுக்குள், தாடை எலும்புக்குள் பல் உருவாகும்போதே ஏற்பட்ட குறை.

இரண்டாவது அவர்களே எதிர்பாராதது. பற்சிப்பியில், அதாவது பல்லின் மேல் ஓட்டில், குறை என்றால் சீக்கிரம் சொத்தையாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்தப் பற்கள் சொத்தைக்கு அசாதாரணமாக ஈடுகொடுத்தன.

ஓக்லியில் ஒரு குழாய்

மெக்கேக்குத் தண்ணீர் மேல் சந்தேகம் வலுத்தது. ஆனால் தண்ணீரை எத்தனை முறை சோதித்தாலும் வழக்கமான உப்புகளைத் தவிர எதுவும் தெரியவில்லை.

1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே பிள்ளைகளின் பற்களில் புதிதாகக் கறை வருகிறது என்று தாய்மார்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால் அவர்களால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது: சுமார் 5 மைல் தள்ளியுள்ள ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டதிலிருந்து. மெக்கே அந்தத் தண்ணீரையும் சோதித்தார். சந்தேகப்பட எதுவும் கிடைக்கவில்லை. இருந்தும் அந்தக் குழாயைக் கைவிட்டு, பக்கத்திலுள்ள வேறு ஊற்றின் நீரைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னார். ஊரும் கேட்டது. சில ஆண்டுகளில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பல் முளைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கருவி இல்லை. தாய்மார்கள் சொன்ன ஒரு தேதியையும் அந்தப் பிள்ளைகளின் வாயையும் நம்பி ஒருவர் முடிவெடுத்தார், அது சரியாக இருந்தது. ஒரே வீட்டில் மூத்த பிள்ளைக்குக் கறை, இளைய பிள்ளைக்கு இல்லை என்றால், இருவருக்கும் நடுவில் அந்த வீட்டில் என்ன மாறியது என்று கேட்டால் போதும். ஆய்வுக்கூடத்தால் கொடுக்க முடியாத விடையை இந்தக் கேள்வி கொடுத்தது.

பாக்சைட்: அலுமினிய ஊரில் வந்த பயம்

ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்ற ஊர் இருக்கிறது. அலுமினியத் தாது வெட்டும் ஊர் என்பதால் தாதுவின் பெயரே ஊருக்கும் பெயர். அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக நடத்திய ஊர் அது. அங்கேயும் பிள்ளைகளுக்குத் திட்டுப் பற்கள். சில மைல் தூரத்திலிருந்த அடுத்த ஊரில் ஒரு பிள்ளைக்கும் இல்லை. பாக்சைட்டில் 1909இல் மேலோட்டமான கிணறுகளை விட்டுவிட்டு ஆழமாகத் துளையிட்ட கிணறுகளுக்கு மாறியிருந்தார்கள். மெக்கே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் குரோவர் கெம்ப் என்ற மருத்துவரோடு போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்.

அந்த அறிக்கை அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் கைக்குப் போனது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்று நாட்டில் அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அலுமினிய ஊரிலேயே பிள்ளைகளின் பல் கெட்டது என்று தெரிந்தால் அந்தப் பேச்சுக்கு இன்னும் வலு சேரும் என்று அவர் பயந்தார். அதனால் பாக்சைட் தண்ணீரை வழக்கமான முறையில் சோதிக்காமல், ஒளிநிறமாலை முறையில் சோதிக்கச் சொன்னார். இந்த முறையில் ஒன்றைத் தேடிப் போக வேண்டியதில்லை, தண்ணீரில் இருப்பதெல்லாம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபுளோரைடு, அதாவது ஃபுளோரின் என்ற தனிமத்தின் உப்பு, என்று முடிவு வந்தது. சர்ச்சில் நம்பவில்லை. தண்ணீரில் ஃபுளோரைடா, மாதிரியை அசுத்தமாக்கிவிட்டீர்கள், வேறு மாதிரி எடுங்கள் என்றார். இரண்டாவது மாதிரியும் அதையே சொன்னது: பாக்சைட்டின் ஆழ்கிணற்று நீரில் லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு. 1931 ஜனவரியில் அவர் மெக்கேக்குக் கடிதம் எழுதி, திட்டுப் பற்கள் உள்ள மற்ற ஊர்களின் தண்ணீரையும் கேட்டார். மெக்கே அனுப்பியதிலும் ஃபுளோரைடு இருந்தது. அதே ஆண்டு அரிசோனா பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்மித் குழுவினர் தனியாகவே இதே முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் எலிகளின் பற்களில் அதே குறையை உண்டாக்கியும் காட்டினார்கள்.

கொலராடோவில் காரணம் ஊருக்குத் தலைக்கு மேலேயே நின்றது. பைக்ஸ் பீக் மலையின் பாறையில் ஃபுளோரின் கலந்த தாதுக்கள் இருக்கின்றன. அந்தப் பாறை வழியாக வரும் நீரைத்தான் ஊர் குடித்தது.

திட்டு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

பல்லின் மேல் ஓடான பற்சிப்பி எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். அதைக் கட்டும் செல்கள் முதலில் ஒரு புரதச் சட்டம் போடுகின்றன. பிறகு அந்தப் புரதத்தை வெளியேற்றிக்கொண்டே அந்த இடத்தில் தாதுவை நிரப்புகின்றன. இந்த வேலை நடக்கும் காலத்தில் ஃபுளோரைடு அதிகமாக உடலுக்குள் போனால், புரதம் வெளியேறுவது தாமதமாகிறது. புரதம் தங்கிய இடத்தில் தாது முழுதாக நிரம்பாது. மேல் தோல் நன்றாக இருக்கும், அதற்குச் சற்றுக் கீழே நுண்துளைகள் இருக்கும்.

பஜ்ஜி சுற்றிக் கொடுக்கும் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தாள் வெள்ளையாக, ஒளியை மறித்துக்கொண்டு இருக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் மறுபக்கம் தெரியும். தாளின் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்போது ஒளி சிதறுகிறது. எண்ணெய் அங்கே நிரம்பியதும் ஒளி நேராகப் போகிறது. பற்சிப்பியும் அப்படித்தான். தாது நிரம்பிய இடம் கண்ணாடி போல ஒளி விடும், நுண்துளை உள்ள இடம் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்ததும் திட்டு இன்னும் பளிச்சென்று தெரிவதும், எச்சில் பட்டதும் கொஞ்சம் மங்குவதும் இதனால்தான். காலையில் எழுந்ததும் முன்பல்லில் வெள்ளையாகத் தெரிந்து சற்று நேரத்தில் மறைந்தால், இரவெல்லாம் வாய் திறந்து மூச்சு விட்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

பழுப்பு நிறம் பிறவியில் வருவதில்லை. பல் முளைக்கும்போது வெள்ளைத் திட்டோடுதான் முளைக்கிறது. பிறகு அந்த நுண்துளைகளில் சாப்பாட்டின், பானங்களின் நிறம் இறங்கிப் பழுப்பாகிறது.

பல் வைத்திருக்கும் நாட்குறிப்பு

நிலையான முதல் கடைவாய்ப் பல்லின் கட்டுமானம் பிறக்கும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. முன்பற்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி, 4 அல்லது 5 வயதில் ஈறுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு 7, 8 வயது வரை போகும். அதனால் எந்தப் பல்லில் எந்த உயரத்தில் திட்டு இருக்கிறது என்பதை வைத்து, எந்த வயதில் தொந்தரவு நடந்தது என்று சொல்லிவிடலாம். 8 வயதுக்கு மேல் எவ்வளவு ஃபுளோரைடு குடித்தாலும் (ஞானப்பல்லைத் தவிர) பல்லில் திட்டு விழாது. எலும்புக்கு வரும் கெடுதல் வேறு கதை, அதற்கு வயது வரம்பு இல்லை.

ஃபுளோரைடால் வரும் திட்டுக்கு ஒரு கையெழுத்து உண்டு. இடது பக்கம் ஒரு பல்லில் இருந்தால் வலது பக்கம் அதன் ஜோடிப் பல்லிலும் இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே நாட்களில் கட்டப்பட்டவை. கோடு கோடாகக் குறுக்கே ஓடும், ஓரம் தெளிவில்லாமல் கலைந்திருக்கும். பல்லின் நுனியில் பனி படிந்தது போல இருக்கும்.

மற்ற வெள்ளைப் புள்ளிகளுக்கு வேறு கையெழுத்து. ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு இருந்தால், அதற்கு மேல் இருந்த பால் பல்லில் சீழ் பிடித்ததா, குழந்தை விழுந்து பல்லில் அடிபட்டதா என்று கேட்க வேண்டும். முதல் கடைவாய்ப் பற்களிலும் முன்பற்களிலும், ஒரு பக்கம் அதிகமாக மறுபக்கம் குறைவாக, ஓரம் வெட்டியது போன்ற வெள்ளை அல்லது மஞ்சள் திட்டுகள் இருந்தால், அது குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளில் பற்சிப்பி சரியாக முதிராத வேறொரு குறை. அந்தக் கடைவாய்ப் பற்கள் சீக்கிரம் உதிர்ந்து உடைந்து கூசும். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் மிகச் சாதாரணமானது, ஆனால் மிகவும் கவனிக்க வேண்டியது: சொத்தையின் முதல் படி. ஈறை ஒட்டிய வரியில், அல்லது பல்லுக்குக் கிளிப் போட்டவர்களுக்கு அந்தக் கிளிப்பைச் சுற்றி, பளபளப்பில்லாத சுண்ணாம்பு வெள்ளை. மாவுப் பொருளும் இனிப்பும் பல்லில் தங்கி, கிருமிகள் அமிலம் உண்டாக்கி, அந்த அமிலம் ஏற்கெனவே முளைத்துவிட்ட பல்லிலிருந்து தாதுவைக் கரைத்துக்கொண்டு போனதன் தடம் அது. இது பிறவிக் குறை இல்லை, பல் முளைத்த பிறகு வந்தது. நல்ல செய்தி என்னவென்றால், குழி விழுவதற்கு முன் இதை நிறுத்திவிடலாம்.

இங்கேதான் குழப்பம் வருகிறது. சொத்தையின் வெள்ளைக்கு மருந்து ஃபுளோரைடு: பற்பசையில், மருத்துவர் பூசும் வார்னிஷில். கொலராடோ வெள்ளைக்குக் காரணமே ஃபுளோரைடு. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. அதனால் வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பல் முளைக்கும்போதே இருந்ததா, முளைத்த பிறகு வந்ததா என்பதுதான். பிளாக்கும் மெக்கேயும் கேட்ட அதே கேள்வி.

எவ்வளவு இருந்தால் கெடுதல்?

காரணம் தெரிந்த பிறகு அளவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு டிரெண்ட்லி டீன் என்ற அரசுப் பல் மருத்துவரிடம் வந்தது. எலியாஸ் எல்வோவ் என்ற வேதியியலாளர் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடை அளக்கும் முறையை அவருக்குக் கொடுத்தார். டீன் ஊர் ஊராகப் போய்ப் பற்களையும் தண்ணீரையும் ஒப்பிட்டார். பல்லின் பரப்பில் கால் பங்குக்கும் குறைவாகத் திட்டு இருந்தால் மிக லேசானது, பாதிக்கும் குறைவு என்றால் லேசானது என்று அவர் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 21 நகரங்களில் 12 முதல் 14 வயது வரையுள்ள 7,257 பிள்ளைகளைப் பார்த்து அவர் வந்த முடிவு: லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் சொத்தை வெகுவாகக் குறைகிறது, திட்டு மிகச் சிலருக்கு, அதுவும் லேசாகவே விழுகிறது.

அந்தக் கணக்கு குளிர்ந்த நாட்டின் கணக்கு. வெயில் நாட்டில் குழந்தை அதிகத் தண்ணீர் குடிக்கும், அதனால் அதே 1 மில்லிகிராம் அங்கே அதிக அளவாகிவிடும். அமெரிக்காவே 1962இல் வெப்பமான ஊர்களுக்குக் குறைந்த அளவைப் பரிந்துரைத்தது, 2015இல் எல்லா ஊருக்கும் 0.7 என்று குறைத்துவிட்டது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. நம் வெயிலில் அந்த 1.5ஐப் பாதுகாப்பான அளவு என்று நினைத்து நிம்மதி அடையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் பக்கம்

சர்ச்சிலின் கடிதத்துக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1937இல், சென்னை கிண்டியின் கிங் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதன் கொடிய முகத்தைப் பதிவு செய்தார்கள். இன்று ஆந்திரத்தில் இருக்கும் அந்த ஊர்களில் பல் திட்டோடு நிற்கவில்லை. முதுகும் கழுத்தும் மூட்டும் இறுகி நிமிரவோ குனியவோ முடியாதவர்கள் இருந்தார்கள். கிணற்று நீர்தான் காரணம்.

தமிழ்நாட்டில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இந்த நீருக்குப் பெயர் போனவை. கடினப் பாறைக்குள் ஆழமாகப் போகப் போக, நீர் பாறையோடு தங்கும் காலம் கூடி, ஃபுளோரைடும் கூடும். பாக்சைட்டில் 1909இல் நடந்தது போலத்தான் இங்கேயும் மேல் கிணறு வற்றி ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறினோம். 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் கெடுதல்) தடுப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. காவிரித் தண்ணீரைக் கொண்டு வந்து கிணற்று நீருக்கு மாற்றாகக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். ஓக்லியில் செய்தது போல, ஊற்றையே மாற்றுவது.

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் 'ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை' என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்வது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தேய்த்துப் போகிற கறை இல்லை இது. கரி, உப்பு, செங்கல் பொடி என்று அழுத்தித் தேய்த்தால் நன்றாக இருக்கும் மேல் தோலும் தேய்ந்துபோகும். சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை, கொடுத்த தண்ணீரைக் குடித்தது, அவ்வளவுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரண வடிகட்டியும் இதை நீக்காது, ஆர்ஓ நீக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு, தாய் குடிக்கும் நீரில் அதிகம் இருந்தாலும் பாலுக்குள் அவ்வளவாக வராது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பால் பவுடர் கலந்து கொடுக்கும்போதுதான் கைக்குழந்தைக்கு அளவு எகிறுகிறது. பற்பசை 3 வயது வரை ஒரு அரிசி அளவு, பிறகு 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

ஃபுளோரைடால் ஏற்கெனவே விழுந்துவிட்ட திட்டுக்கு? லேசானது என்றால் விட்டுவிடலாம், அந்தப் பல் வலுவான பல். உறுத்தினால் மேல் அடுக்கை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் முறை உண்டு. நுண்துளைக்குள் பிசின் இறக்கி நிரப்பும் முறையும் உண்டு, தாளில் எண்ணெய் இறங்குவது போல வெள்ளை மங்கிவிடும். பழுப்பு ஏறிய கடுமையான திட்டுக்கு மேலே ஒட்டும் மெல்லிய ஓடுதான் வழி, அது செலவு பிடிக்கும். பிசின் போடும் முன் மருத்துவர் எந்த வயதில் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டால், விலாவாரியாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: பிறந்த ஊர், குடித்த தண்ணீர் கிணறா குழாயா, எப்போது மாறியது, தம்பி தங்கைக்கு இருக்கிறதா இல்லையா.